கடை யார் பேரில் இருக்கிறது?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கட்டுரையைப் படித்து முடித்த கையோடு எழுதுகிறேன். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இளைஞர்களுக்கு நடந்த சுயதொழில் பயிற்சியைப் பற்றி நீ எழுதியது. முகாம்கள் எப்படி வந்தன, யார் எந்த அலையில் வந்தார்கள் என்பதெல்லாம் உனக்கும் எனக்கும் தெரிந்த சங்கதி. அதில் நேரம் போக்க வேண்டாம். நடையைப் பற்றியும் பேசப்போவதில்லை. இரண்டு இடங்களில் எனக்கு ஆத்திரம் வந்தது. அதை உன்னிடம் கொட்டியாக வேண்டும்.

முதல் இடம், செல்போன் பழுது பார்க்கும் கடை. ‘இருபத்து மூன்று வயதில் சொந்தக் கடைக்கு முதலாளி’ என்று எழுதியிருக்கிறாய். கடையின் அகல நீளம், கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கும் உறைகள், மேசையில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டை வரை எல்லாம் உன் கண்ணில் பட்டிருக்கிறது. அந்த அட்டையை உன் போனில் ஒருதரம் ஸ்கேன் செய்திருக்கலாமே! பணம் யாருக்குப் போகிறது என்று திரையில் பெயர் வந்திருக்கும். அந்தப் பையனின் பெயரா, ஊர்க்காரர் ஒருவரின் பெயரா? அறையின் வாடகை ஒப்பந்தம் யார் பேரில்? கரண்ட் இணைப்பு யார் பேரில்? உதிரிபாகம் எடுத்துவர அவன் ஓட்டிப்போகும் ஸ்கூட்டரின் ஆர்.சி. புத்தகம் யார் பேரில்? இதில் ஒன்றைக்கூடக் கேட்காமல் ‘சொந்தக் கடை’ என்று எப்படி எழுதினாய்?

முகாம்களைப் பற்றி எழுதுகிறவர் யாரைப் பார்த்தாலும் நான் கேட்கும் கேள்வி இதுதான். கிழவருக்கு வேறு பேச்சே கிடையாது என்று நம் ஆட்கள் சலித்துக்கொள்வது எனக்குத் தெரியும். சலித்துக்கொள்ளட்டும். அந்தப் பையன் இந்த மண்ணில்தான் பிறந்தான். ஆனால் 1987 ஜூலை 1-க்கு முன்னால் பிறந்திருந்தால்தான் மண்ணே அவனைக் குடிமகனாக்கியிருக்கும். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும்; 2004 டிசம்பர் 3 முதல் அந்த விதி இன்னும் இறுகியது. 2019-இல் வந்த திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றோடு நின்றுவிட்டது. ஆக அவன் அயல்நாட்டான். இலங்கைக் குடிமக்கள் இங்கே வீடோ மனையோ கடையோ வாங்க வேண்டுமென்றால் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டும்தான் விலக்கு. முத்ரா கடன் இந்தியக் குடிமக்களுக்கானது. அரசு வேலைக்கான தேர்வும் பெரும்பாலும் குடிமக்களுக்குத்தான். பி.இ. படித்ததாக நீ சொல்லும் பிள்ளையைச் சுயதொழில் பயிற்சியில் கொண்டுபோய் உட்கார வைத்தது எது என்று உன் கட்டுரை கேட்கவே இல்லை. ஆர்வத்தினால் வந்தான் என்கிறாய். மற்றக் கதவெல்லாம் சாத்தியிருந்ததால் வந்தான் என்பதும் உண்மைதானே?

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு முகாம் வாசலில் கேசட் கடை ஒன்று இருந்தது. வைத்திருந்தவன் உன் கட்டுரைப் பையனின் வயதுதான் இருப்பான். மன்னாரிலிருந்து சின்னப் பிள்ளையாகப் படகில் வந்தவன். ரேடியோ, டேப் ரிக்கார்டர் எது கொடுத்தாலும் பிரித்துப் பூட்டிவிடுவான். படத்தில் வரும் பாட்டைப் பாதி முனகினால் போதும், கேசட்டை எடுத்து நீட்டுவான். கடை எதிரிலிருந்த டீக்கடைக்காரர் பேரில் இருந்தது. நல்ல மனிதர், நம்பிக்கையின் பேரில் செய்துகொண்ட ஏற்பாடு. டீக்கடைக்காரர் இறந்தார். கருமாதி முடிந்த வாரமே மகன் வந்து சாவியைக் கேட்டான். இவன் கொடுத்துவிட்டான். வேறென்ன செய்ய முடியும்? போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் முதலில் அவனுடைய முகாம் பதிவைத்தான் கேட்பார்கள். ஸ்பீக்கர் பெட்டி இரண்டைத் தோளில் தூக்கிக்கொண்டு முகாமுக்குள் திரும்பியவனை நான் பார்த்தேன். பிறகு அவனும் பெயிண்ட் வேலைக்குப் போய்விட்டான். அவனுக்குத் தொழில் தெரியாதா, கணக்குத் தெரியாதா, துணிச்சல் இல்லையா? எல்லாம் இருந்தது. எந்தப் பயிற்சியும் அவனுக்குப் புதிதாக ஒன்றும் கொடுத்திருக்காது.

பெயிண்ட் வேலை என்றதும் இரண்டாவது ஆத்திரம் வருகிறது. ‘பெயிண்ட் டப்பாவிலிருந்து விடுதலை பெற்று, இந்த இளைஞர்கள் தொழில்முனைவோராக நிமிர்கிறார்கள்.’ இந்த வாக்கியத்தை நீ எழுதியிருக்கக் கூடாது, தம்பி. தமிழ்நாட்டில் முகாம்களைச் சுற்றிப் பல மைல் தூரத்துக்கு எந்த வீட்டுச் சுவரையும் கேட்டுப் பார், முகாம் ஆள் அடித்ததாக இருக்கும். எந்தத் திட்டமும் இல்லாமல், எந்த நிறைவு விழாவும் இல்லாமல், நாற்பது ஆண்டாக இவர்கள் தாங்களே வளர்த்தெடுத்த தொழில் அது. அண்ணன் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்து, தம்பி பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிப்போய் வளர்ந்தது.

ஒருநாள் அவர்களோடு விடியற்காலையில் கிளம்பிப் போ. சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தே பூச்சு எங்கே விட்டுக்கொடுத்திருக்கிறது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பட்டி பார்த்து, காய்ந்ததும் எமரித் தாள் போட்டுத் தேய்த்து, உள்ளங்கையை விரித்துச் சுவரில் தடவிக்கொண்டே நடப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரியும். வீட்டுக்காரர் வண்ண அட்டையைப் புரட்டித் திணறும்போது, இந்த அறைக்கு மேற்கு வெயில் வரும், இந்த நிறம் மாலையில் அடிக்கும் என்று சொல்லித் திருத்துவார்கள். சதுர அடிக்கு என்ன, லேபர் மட்டுமா, பொருளோடு சேர்த்தா, எத்தனை ஆள் எத்தனை நாள் என்று நின்ற இடத்தில் கணக்குப் போட்டுவிடுவார்கள். சாரத்தில் நிற்பவனின் கூலி, மழை பெய்தால் படும் நஷ்டம், வீட்டுக்காரர் கடைசித் தவணையை இழுத்தடிப்பது எல்லாம் மேஸ்திரியின் தலையில்தான். இது தொழில் நடத்துவது இல்லையென்றால் வேறு எது?

அவர்கள் முன்னேறாததற்குக் காரணம் பெயிண்ட் டப்பா இல்லை. பெரிய கட்டடத்தின் வேலையை இவர்கள் பேரில் எடுக்க முடியாது. ஊர்க் கான்ட்ராக்டர் எடுப்பார். நடுவில் நிற்கிற பணம் அவருக்கு. தணிக்கை நாளில், முகாமில் ‘செக்கிங்’ என்பார்கள், ஆள் நேரில் நின்றாக வேண்டும். வெளி மாவட்டத்தில் சாரம் கட்டிப் பாதி வேலையில் நிற்பவன் அதை விட்டு ஓடிவர வேண்டும். வராவிட்டால் பதிவை வெட்டிவிடுவார்களோ என்ற பயம். இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகிறவனை எந்த வீட்டுக்காரர் அடுத்த முறை கூப்பிடுவார்? உன் பயிற்சியாளர்கள் நேர மேலாண்மை பற்றி ஒரு முழு நாள் வகுப்பெடுத்ததாக எழுதியிருக்கிறாய். செக்கிங் நாளை என்ன செய்வது என்று அந்த வகுப்பில் ஏதாவது சொன்னார்களா?

பயிற்சிகளே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. பயிற்சிகளின் பல பருவங்களைப் பார்த்தவன் நான். ஒரு பருவத்தில் எல்லா முகாமிலும் தையல். அடுத்த பருவத்தில் மெழுகுவத்தி. ஒரு தொண்டு நிறுவனம் ஒரே முகாமில் நாற்பது பெண்களுக்கு மெழுகுவத்தி ஊற்றக் கற்றுக்கொடுத்துவிட்டு ரிப்போர்ட் எழுதிக்கொண்டு போய்விட்டது. அத்தனை மெழுகுவத்தியை அந்தக் கிராமத்தில் யார் வாங்குவார்கள்? நல்லதும் பார்த்திருக்கிறேன். எஸ்.சி. சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தார் முகாம்களில் ஸ்பைருலினா வளர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். குழந்தைகளின் சத்துக்குறைவு என்று கண்ணெதிரே ஒரு தேவை இருந்தது. அதிலிருந்து பிறந்த வேலை அது. முகாம் ஆட்களே முகாம் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 1991-க்குப் பிறகு கல்லூரிக் கதவு மூடிக்கிடந்த ஆண்டுகளில், வீட்டுக்குள் முடங்கிய பெண்பிள்ளைகள் பகலில் ஓரிடத்தில் கூடி உட்கார இப்படி எதையாவது சாக்கு வைத்துத்தான் முடிந்தது. அதன் மதிப்பை வருமானக் கணக்கில் காட்ட முடியாது. வகுப்புக்குப் போகிறேன் என்று சொல்லிக் கல்யாணப் பேச்சை இரண்டு வருஷம் தள்ளிப்போட்ட பெண்கள் உண்டு. உன் கட்டுரையில் அவர்களில் ஒருத்தி வந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டு உதாரணம் காட்டி எழுதியிருக்கிறாய். உகாண்டாவைப் பாருங்கள் என்கிறாய். பார்ப்போம். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கம்பாலாவில் இருக்கும் அகதிகளில் 21 சதவீதம் பேர் பிறருக்கு வேலை கொடுக்கும் தொழில் வைத்திருந்தார்கள். அவர்களிடம் வேலை பார்த்தவர்களில் 40 சதவீதம் பேர் உகாண்டாக்காரர்கள். நல்ல எண்கள்தான். ஆனால் உகாண்டாவின் 2006 ஆம் ஆண்டுச் சட்டம் அகதிக்கு வேலை செய்யவும், தொழில் நடத்தவும், நாட்டுக்குள் போய்வரவும் உரிமை கொடுத்தது என்ற வரியை நீ ஏன் விட்டுவிட்டாய்? பக்கத்து நாடான கென்யாவின் காகுமாவையும் சேர்த்துப் பார். 1992-இல் வந்த முகாம். 2018-இல் உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. கணக்கிட்டபோது அங்கே 2,000-க்கும் மேற்பட்ட கடைகள், ஆண்டுக்கு 5.6 கோடி டாலர் புழக்கம். அவ்வளவு வியாபாரம் நடக்கும் இடத்திலிருந்து சரக்கெடுக்க நைரோபி போக அனுமதிச் சீட்டுக்குக் காத்திருந்தார்கள். சாமர்த்தியம் இரண்டு இடத்திலும் உண்டு. பேருந்து ஏறும் உரிமை ஒரு பக்கம் இருந்தது, மறுபக்கம் இல்லை. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்தே போடவில்லை. உன் உகாண்டாப் பத்தியை இந்த வரிகளோடு சேர்த்து எழுதியிருந்தால் உன் கட்டுரையின் முதுகெலும்பாகவே அது இருந்திருக்கும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்க்கு அறிவிப்பு வந்தது. 7,469 வீடுகள், குடும்பத் தலைவருக்குப் பணக்கொடை 1,500 ரூபாயாக உயர்ந்தது, அகதிகள் முகாம் மறுவாழ்வு முகாம் ஆனது. கல்வி உதவியும் கூடியது. கூரை ஒழுகாத வீட்டில் உட்கார்ந்து பிள்ளை படிப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்த வீட்டைக் காட்டி வங்கியில் கடன் வாங்க முடியாது. வீடு அவன் பேரில் இல்லை. குடியுரிமை டெல்லியின் கையில் இருக்கிறது. அங்கேயிருந்து 2025 செப்டம்பரில் வந்த ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்குக் கொடுத்தது. விலக்கு மட்டும்தான்.

இவ்வளவு திட்டிய பிறகு ஒன்று சொல்கிறேன். மிளகாய்த்தூள் பகுதி அபாரம். இந்த ஆண்டு தமிழில் நான் படித்த இதழ் எழுத்தில் இதைவிட நல்ல இரண்டு பக்கத்தைப் பார்க்கவில்லை. செத்தல் மிளகாயையும் கொத்தமல்லியையும் தனித்தனியாக வறுத்து, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை சேர்த்து இடிக்கும் அந்தப் பெண், கிலோவுக்கு விலை போடும்போது தன் கூலியைக் கணக்கில் சேர்க்கலாமா என்று பயிற்சியாளரிடம் கேட்கிறாளே, அந்த இடத்தில் நான் பத்திரிகையை மடியில் வைத்துவிட்டேன். விறகு, மிளகாய், அரவைக்கூலி, பாக்கெட், பஸ் சார்ஜ் எல்லாம் எழுதிவிட்டு, ‘நான் நின்ன நேரத்துக்கு என்ன போடுறது?’ என்கிறாள். அவளுடைய அம்மா இருபது வருஷமாக இதே தூளை இடித்து அக்கம்பக்கத்துக்கு விற்றவர். அவர் ஒருநாளும் தன் நேரத்துக்குக் காசு போட்டதில்லை. மகள் கேட்கிறாள். பயிற்சி ஒரு வாழ்க்கையை எங்கே தொடுகிறது என்பதை நீ எந்த விளக்கமும் சேர்க்காமல் காட்டிவிட்டாய். இதை எழுதியவனா அந்தப் பெயிண்ட் வாக்கியத்தையும் எழுதினான் என்று எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

அந்தத் தூளுக்கு நிஜமான சந்தை இருக்கிறது. முகாம்களில் மட்டும் ஏறத்தாழ 58,000 பேர். வெளியே பதிந்து வாழ்பவர்கள் தனி. யாழ்ப்பாணத்துத் தூள் வாங்கிப் பழகிவிட்ட உள்ளூர்க்காரர்களும் உண்டு. பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் அச்சடித்திருப்பதாக எழுதியிருக்கிறாய். பதிவு யார் பேரில் என்று அங்கேயும் கேட்கவில்லை. அவள் பேரில் இருந்தால், எந்தத் தாள்களைக் கொடுத்து எப்படி வாங்கினாள் என்று படிப்படியாக எழுது. மற்ற முகாம்களில் இருக்கும் பெண்களுக்கு அது நூறு ஊக்க உரைகளைவிட உதவும். வேறொருவர் பேரில் இருந்தால், பெயர் கொடுத்தவருக்கு மாதம் என்ன போகிறது என்று கேள். பெயர் கொடுப்பவரையெல்லாம் திருடனாக எழுதிவிடாதே. பாதிப்பேர் நட்புக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுக்கிறவர்கள். வரி நோட்டீஸ் வந்தால் அவர்கள்தான் போய் நிற்க வேண்டும். அவர்கள் பக்கத்தையும் கேள்.

இனி முகாமுக்குப் போகும்போது விழா நாளில் போகாதே. விழா நாளில் எல்லோரும் புதுச்சட்டையில் இருப்பார்கள், அதிகாரிகள் முன்வரிசையில் இருப்பார்கள், பிள்ளைகள் சொல்லிக்கொடுத்ததைச் சொல்வார்கள். பயிற்சி முடிந்து ஒரு வருஷம் கழித்துப் போ. எத்தனை கடை திறந்திருக்கிறது, எது மூடியது, மூடியவன் இப்போது என்ன செய்கிறான், கடனாக வந்த பணத்தை யார் அடைக்கிறார்கள் என்று பார். செக்கிங் நாளில் ஒருமுறை போய் வரிசைக்குப் பக்கத்தில் நில். உன் கட்டுரையில் வந்தவர்களைத் தேடிப் பிடி. அந்தச் செல்போன் கடைப் பையனைக் கட்டாயம் பார். அவனுடைய கஷ்டத்தை எழுதுவதால் அவனுக்கு ஆபத்து வருமென்றால் ஊர் பேரை மாற்று, கடையை மாற்று, அவனிடம் படித்துக் காட்டிவிட்டு அனுப்பு. போலீஸின் க்யூ பிரிவு ஆட்கள் பத்திரிகை படிக்கிறவர்கள்.

அடுத்த பகுதி எழுதுவதாக ஆசிரியர் சொன்னார். அச்சுக்குப் போவதற்கு முன் எனக்கு ஒரு படி அனுப்பு. பெயிண்டர்களோடு போவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல். பழைய மேஸ்திரி ஒருவர் என்னோடு இன்னும் பேச்சில் இருக்கிறார், அவரிடம் சொல்லி வைக்கிறேன். காலை ஐந்து மணிக்கு முகாம் வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உன் அண்ணன்