முதியோர் பராமரிப்பு வீடு: வாடகையும் கையொப்பமும்

டென்மார்க்கில் 'ப்ளையபோலி' எனப்படும் முதியோர் பராமரிப்பு வீடு சட்டப்படி ஒரு வாடகை வீடாகும். அங்கு செல்பவர் நோயாளியாக அனுமதிக்கப்படுவதில்லை. வாடகை ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு, தமது தளபாடங்களுடன் குடிபுகுகிறார். செலவு, தெரிவு, பிள்ளைகளின் அதிகாரம் ஆகியவை பற்றி எழும் கேள்விகள் பலவற்றுக்கும் விடை இதிலேயே அடங்கியுள்ளது.

வீட்டை ஒதுக்கும் பொறுப்பு நகரசபைக்குரியது. விண்ணப்பம் கிடைத்ததும் 'விசிட்டாட்டோர்' எனப்படும் மதிப்பீட்டு உத்தியோகத்தர் விண்ணப்பதாரரின் தேவையை ஆராய்வார். அவர் வரும் நாளில் வீட்டைத் துப்புரவாக்கி வைப்பதும், சமையல் முதல் குளியல் வரை அனைத்தையும் தாமே செய்வதாகத் தாயார் கூறுவதும் தமிழ்க் குடும்பங்களில் இயல்பே. மானம் கருதிச் சொல்லப்படும் அவ்வார்த்தை விண்ணப்பத்துக்கே பாதகமாக அமையக்கூடும். இரவில் எத்தனை முறை எழுந்தார், எப்போது விழுந்தார், அடுப்பை அணைக்க மறந்தாரா என்பவற்றைக் குறித்து வைத்திருத்தல் நன்று. விண்ணப்பம் மறுக்கப்பட்டால், மேன்முறையீடு செய்யும் முறையும் காலவரையறையும் முடிவுக் கடிதத்திலேயே குறிப்பிடப்பட்டிருக்கும்.

பொதுக் காத்திருப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டவருக்கு இரண்டு மாதங்களுக்குள் வீடு வழங்கப்பட வேண்டும். குறிப்பிட்ட ஓர் இல்லத்தையே விரும்புபவருக்கு இவ்வுத்தரவாதம் பொருந்தாது. வேறொரு நகரசபையின் எல்லையிலுள்ள வீட்டையும் தெரிவு செய்யலாம். ஆயின் இரு நகரசபைகளின் நிபந்தனைகளும் நிறைவேற வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து குடியேறலாம். ஒருவர் மறைந்தபின் மற்றவர் அவ்வீட்டிலேயே தொடர்ந்து வசிக்கலாம்.

பராமரிப்புக்குக் கட்டணம் இல்லை. வாடகை, மின்சாரம், வெப்பமூட்டல், உணவு, சலவை முதலியவற்றை வசிப்பவரே செலுத்த வேண்டும். தொடக்கத்தில் வைப்புப் பணமும் உண்டு. அதற்கு நகரசபையிடம் கடன் கோரலாம். ஓய்வூதியம் பெறுவோர் 'போலியூடெல்ஸ' என்னும் வீட்டு வாடகை உதவிக்கு 'உட்பெட்டாலிங் டென்மார்க்' நிறுவனத்திடம் விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானமும் சேமிப்பும் இதில் கணக்கிடப்படும். ஆகவே சொந்த வீட்டை விற்றவர் முன்னர் எதிர்பார்த்த தொகையைப் பெறாதிருக்கலாம். அரச ஓய்வூதியம் டென்மார்க்கில் வசித்த ஆண்டுகளுக்கேற்பக் கணிக்கப்படுவதால், நடுவயதில் இங்கு வந்தவர்கள் முழுத் தொகையை எண்ணி வரவுசெலவு போடலாகாது. பழைய வாடகை வீட்டை விடுவதற்கான முன்னறிவித்தல் வழமையாக மூன்று மாதமாகும். எனவே சில மாதங்கள் இரண்டு வாடகை கட்ட நேரிடலாம்.

இலங்கையில் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகள் மீது சுமத்துகிறது. டெனிஷ் சட்டத்தில் அத்தகைய கடமை இல்லை. பெற்றோரின் வாடகைக்குப் பிள்ளைகளிடம் பணம் கேட்கப்படுவதில்லை. இதன் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. பிள்ளை என்ற காரணத்தால் மட்டும் பெற்றோருக்காக ஒப்பந்தத்தில் கையொப்பமிடவோ, அவர்களது வீட்டை விற்கவோ ஒருவருக்கு அதிகாரம் கிடைக்காது. தந்தையை இருபது ஆண்டுகள் உடனிருந்து கவனித்த மகளுக்கும் இதுவே விதி.

முதுமை மறதி முற்றிய பின்னரே இச்சிக்கல் பெரும்பாலும் தெரியவரும். 2017 செப்டெம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள 'ஃபிரெம்டிட்ஸ்ஃபுல்மாக்ட்', அதாவது எதிர்கால அற்றோணித் தத்துவம், இதற்கெனவே ஏற்படுத்தப்பட்டது. தமது விவகாரங்களைப் பின்னாளில் யார் கவனிக்க வேண்டும் என்பதை ஒருவர் தெளிந்த நிலையிலிருக்கும்போதே இதில் எழுதி வைக்கலாம். 'மிட்-ஐடி' மூலம் இணையவழிப் பதிவேட்டில் இதனை ஆக்கியபின், மாவட்ட நீதிமன்றத்தில் நொத்தாரிசு முன் நேரில் உறுதிப்படுத்த வேண்டும். கட்டணம் 300 குறோணர். ஹேர்னிங்கிலேயே அத்தகைய நீதிமன்றம் உள்ளது. எழுதியவர் தமது விவகாரங்களைக் கவனிக்க இயலாத நிலையை அடைந்ததும், குடும்பச் சட்ட அலுவலகமான 'ஃபமிலியரெட்ஸ்ஹூசெட்' அதனை நடைமுறைக்குக் கொண்டுவரும். பத்திரத்தின் பொருளை அவர் விளங்கிக்கொள்கிறார் என்பதில் நொத்தாரிசு திருப்தியடைய வேண்டும். அந்நிலை கடந்துவிட்டால் எஞ்சியிருப்பது பாதுகாவலரை நியமிக்குமாறு விண்ணப்பிப்பது மட்டுமே. அதற்கு மருத்துவ அறிக்கை தேவைப்படும், காலமும் செல்லும்.