ஜிபிஎஸ்ஸை நம் நாட்டுக்கு மட்டும் அணைக்க முடியுமா?

கேள்வி: நாகப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருக்கிறேன். ஆழ்கடலுக்குப் போய்த் திரும்ப ஜிபிஎஸ் கருவியைத்தான் நம்பியிருக்கிறோம். கார்கில் போரின்போது அமெரிக்கா இந்தியாவுக்கு ஜிபிஎஸ்ஸை நிறுத்திவிட்டது, அடுத்த போர் வந்தாலும் நிறுத்தும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். ஒரு நாட்டுக்கு மட்டும் அப்படி அணைக்க முடியுமா? 1999இல் என் அப்பாவின் படகிலும் ஒரு கருவி இருந்தது. அது நின்றுபோனதாக அவர் சொன்னதே இல்லையே?

பதில்: அன்புள்ள ஐயா, பாதி விடையை நீங்களே கேள்விக்குள் வைத்து அனுப்பிவிட்டீர்கள். அப்பாவின் கருவி அன்று நிற்கவில்லை, நிற்கவும் வழியில்லை.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் இருக்கிறது. அணுக்களின் மாறாத அதிர்வை வைத்து நேரம் காட்டும் கடிகாரம் அது. 'நான் இருக்கும் இடம் இது, இப்போது நேரம் இது' என்று ஓயாமல் அறிவிப்பது மட்டுமே அந்தச் செயற்கைக்கோள்களின் வேலை. உங்கள் கருவி குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அறிவிப்பைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்த நேரத்திலிருந்து படகு நிற்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. பதிலுக்கு அது ஒரு சொல்கூட அனுப்புவதில்லை. ஆகவே கேட்பவர் யார், எந்த நாட்டவர் என்பது செயற்கைக்கோளுக்குத் தெரியாது. திருவிழாவில் கட்டிய ஒலிபெருக்கியை, தெருவில் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் கேட்காமல் செய்ய முடியாதல்லவா?

பரப்பளவும் ஒரு தடை. ஒரு செயற்கைக்கோளின் சிக்னல் பூமியின் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான பரப்பில் விழுகிறது. இந்தியாவுக்கு மேலே வரும்போதெல்லாம் பொதுச் சிக்னலை நிறுத்தினால் இலங்கை, வளைகுடா, சிங்கப்பூர், நடுக்கடலில் போகும் சரக்குக் கப்பல்கள், பயணிகள் விமானங்கள் எல்லாமே அதை இழக்கும்.

அப்படியென்றால் கார்கில் கதை எங்கிருந்து வந்தது? ஜிபிஎஸ்ஸில் இரண்டு வகைச் சிக்னல்கள் உண்டு. ஒன்று எல்லாருக்கும் பொதுவானது. மற்றொன்று ரகசியக் குறியீட்டில் பூட்டப்பட்டது. அமெரிக்கா தரும் சாவி உள்ள ராணுவக் கருவிகள்தான் அதைப் படிக்க முடியும். அந்தக் காலத்தில் பொதுச் சிக்னலை அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே கெடுத்து அனுப்பியது. இதற்கு 'செலக்டிவ் அவெயிலபிலிட்டி' என்று பெயர்: துல்லியம் யாருக்குக் கிடைக்கலாம் என்பதைத் தான் முடிவு செய்யும் ஏற்பாடு. செய்தது எளிய காரியம்தான். அறிவிக்கும் நேரத்தில் சிறு தடுமாற்றத்தைச் சேர்த்தார்கள். ஒளியும் ரேடியோ அலையும் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் 30 சென்டிமீட்டர் கடந்துவிடும். கடிகாரம் இம்மியளவு ஆடினாலே நிலத்தில் கணக்கு பல மீட்டர் விலகும். இதனால் பொதுக் கருவிகள் சுமார் 100 மீட்டர் வரை தவறாகக் காட்டின. இது இந்தியாவுக்கு மட்டும் செய்த காரியமல்ல. அமெரிக்க விவசாயியின் கருவியும் அதே அளவுதான் தடுமாறியது.

நடுக்கடலில் 100 மீட்டர் பிசகு உங்கள் அப்பாவுக்குப் பெரிதாகத் தெரிந்திருக்காது. மலை முகட்டில் இருக்கும் பதுங்குகுழியைக் குறிவைக்கும் பீரங்கிக்கு அதே பிசகு, குண்டு முகட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுவதில் முடியும். கார்கிலில் மறுப்பதற்கு அமெரிக்காவிடம் இருந்தது இந்தத் துல்லியமும் அதன் சாவியும்தான். பொதுச் சிக்னல் ஸ்ரீநகரிலும் நாகப்பட்டினத்திலும் ஒன்றுபோலவே விழுந்துகொண்டிருந்தது.

இந்த ஏற்பாடு நெருக்கடியில் எப்படி நடந்துகொண்டது என்பது இன்னும் சுவையானது. 1990–91 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படைகளுக்கே ராணுவக் கருவிகள் போதவில்லை. ஆயிரக்கணக்கில் பொதுக் கருவிகளை வாங்கிக் கொடுத்தார்கள். தங்கள் வீரர்களே பாலைவனத்தில் வழி தவறக்கூடாது என்பதற்காக, போர் நடக்கும்போது அந்தத் தடுமாற்றத்தை நிறுத்திவைத்தார்கள். அதாவது போர்க்காலத்தில் உலகம் முழுவதற்கும் ஜிபிஎஸ் மேம்பட்டது! பிறகு 1990களில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை, கப்பல்களின் பாதுகாப்புக்காக, தடுமாற்றத்தை அளந்து திருத்தம் சொல்லும் நிலையங்களைக் கரையோரம் நிறுவியது. ஒரே அரசின் ஒரு கை கெடுத்ததை மறு கை சரிசெய்துகொண்டிருந்தது. கடைசியில் அதிபர் கிளின்டன் உத்தரவுப்படி 2000 மே 2 அன்று, இந்திய நேரம் காலை ஒன்பதரை மணியளவில், அந்தத் தடுமாற்றத்தை அடியோடு நிறுத்தினார்கள். புதிய தலைமுறை ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் அந்த வசதியையே வைக்கப்போவதில்லை என்று 2007இல் அறிவித்தார்கள்.

கைவிட முடிந்ததற்குக் காரணம், வேறு வழி இருந்தது. 2004 டிசம்பரில் அதிபர் புஷ் வெளியிட்ட கொள்கை அதைச் சொல்கிறது: சண்டை நடக்கும் பகுதியில் எதிரிக்கு ஜிபிஎஸ் கிடைக்காமல் செய்ய வேண்டும், வெளியே உள்ளவர்களுக்கு அதிகம் இடையூறு கூடாது. இந்த வேலை நடப்பது தரையில். செயற்கைக்கோள் சிக்னல் நம்மிடம் வந்துசேரும்போது அவ்வளவு மெலிந்துபோயிருக்கும்: ஒரு வாட்டைக் கோடி கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி நூறாகப் பிரித்தால் எவ்வளவோ, அவ்வளவு. அதே அலைவரிசையில் சில வாட் இரைச்சலைப் பரப்பினாலே சுற்றுவட்டாரக் கருவிகள் ஊமையாகிவிடும். இது ஜாமிங். பொய்யான சிக்னலை அனுப்பிக் கருவியை நம்பவைப்பது ஸ்பூஃபிங்.

எனவே 'அமெரிக்கா அணைத்துவிடுமோ' என்பதைவிட, 'பக்கத்தில் இருக்கும் எந்த அரசு இரைச்சலைக் கிளப்பும்' என்பதே இன்றைய உண்மையான கேள்வி. 2024இல் எஸ்தோனியாவின் டார்டு நகருக்கான விமானங்களை, ஜிபிஎஸ் இடையூறு காரணமாக, ஃபின்ஏர் நிறுவனம் ஒரு மாதம் நிறுத்திவைத்தது. 2023 அக்டோபரில் போர் தொடங்கியதும், சண்டை நடக்கும் பகுதிகளில் ஜிபிஎஸ்ஸைக் கட்டுப்படுத்தியிருப்பதாக இஸ்ரேல் ராணுவமே அறிவித்தது. அங்கே சொந்த ஊரில் நிற்பவர்களின் செல்பேசிகள் பக்கத்து நாட்டின் பெய்ரூட் விமான நிலையத்தில் இருப்பதாகக் காட்டின. ராக்கெட்டையும் ட்ரோனையும் குழப்புவதற்குச் செய்வது, டாக்ஸி ஓட்டுநரையும் விமானியையும் சேர்த்தே குழப்புகிறது. இதை நான் சிறிய விலையாக நினைக்கவில்லை. குறைந்தபட்சம் முன்னெச்சரிக்கையாவது மக்களுக்குத் தரவேண்டும்.

முழுவதும் அணைக்க எந்த அரசும் தயங்க இன்னொரு காரணம் நேரம். செல்பேசிக் கோபுரங்களும் மின்கட்டமைப்புகளும் ஜிபிஎஸ் கடிகாரத்தைப் பார்த்தே ஓடுகின்றன. 2016 ஜனவரி 26 அன்று ஒரு பழைய செயற்கைக்கோளை ஓய்வுபெறச் செய்தபோது நேர்ந்த பிழையால், சில மணி நேரம் 13 மைக்ரோ நொடி (நொடியின் பத்து லட்சத்தில் 13 பங்கு) தவறான நேரம் பரவியது. அதற்கே பல நாடுகளில் தொலைத்தொடர்பு நிறுவனங்களில் எச்சரிக்கை மணிகள் அடித்தன.

இருந்தாலும், சாவி இன்னொருவர் கையில் இருப்பது நல்லதல்ல. அதற்காகத்தான் இந்தியா தன் 'நாவிக்' அமைப்பை உருவாக்கியது. அதிலும் பொதுச் சேவை ஒன்று, அனுமதி பெற்றவர்களுக்கான ரகசியச் சேவை ஒன்று. ஆனால் 2013இல் ஏவிய முதல் செயற்கைக்கோளின் மூன்று அணுக்கடிகாரங்களும் செயலிழந்தன. 2025 ஜனவரியில் ஏவிய என்விஎஸ்-02 உரிய சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேரவில்லை. இந்த வேலையில் நாம் இன்னும் வேகம் காட்ட வேண்டும்.

உங்கள் படகுக்கு வருவோம். அடுத்த கருவி வாங்கும்போது ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோநாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, நம் நாவிக் ஆகியவற்றையும் படிக்கும் கருவியா என்று கேளுங்கள். ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும். ஆனால் பக்கத்தில் ஜாமிங் நடந்தால் எல்லாம் ஒன்றாகவே நின்றுபோகலாம், ஏனெனில் இவற்றின் அலைவரிசைகள் நெருங்கியவை. திரையில் படகு திடீரென்று பல மைல் தாண்டிக் குதித்தாலோ, கருவியின் மணி தவறிப்போனாலோ அதை நம்பாதீர்கள். காம்பஸைப் பார்த்து மேற்கே திருப்புங்கள். எக்கோ சவுண்டரில் எத்தனை பாகம் ஆழம் என்று பார்த்தபடி வாருங்கள். ஆழம் குறைந்துகொண்டே வந்தால் கரையை நெருங்குகிறீர்கள். அந்த இரண்டுக்கும் செயற்கைக்கோள் தேவையில்லை.