மருந்தும் தூரிகையும்

"மருந்து உட்கொண்டால் வரையும் ஆற்றல் மங்கிவிடுமோ?" என்று நோயாளிகளும் குடும்பத்தினரும் அஞ்சுவதுண்டு. ஓவியர் வின்சென்ட் வான்கோ 1889 மே மாதம் பிரான்சின் சான் ரெமி மனநல விடுதியில் தாமே விரும்பிச் சேர்ந்தார். அங்கிருந்த ஓராண்டில் ஏறத்தாழ 150 ஓவியங்களைத் தீட்டினார். ஆனால் அக்கோடையில் நோய் முற்றி, வண்ணக்குழம்பையே விழுங்கியபோது, பல வாரங்கள் ஓவியப் பணி நின்றுபோயிற்று. அவருடைய ஓவியங்களுள் பெரும்பாலானவை நோய் தணிந்திருந்த நாட்களில் உருவானவை.

சில மருந்துகள் கைநடுக்கமோ மந்தமோ தரக்கூடும். வரைபவருக்கு அது சிறு தொல்லையன்று. எங்களிடம் கூறினால் அளவையோ மருந்தையோ மாற்ற வழியுண்டு, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வீட்டார் ஒவ்வொரு கருங்கோட்டிலும் நோயைத் தேட வேண்டியதில்லை. ஆனால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுத்திலோ படத்திலோ தென்பட்டால், அன்றே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.