உப்பைக் குறைக்கணுமா? தக்காளியை வளருங்க!

"ரத்தக் கொதிப்பு இருக்கு, உப்பைக் குறைங்க" என்றால், "ரசம் சப்புனு இருக்கே டாக்டர்!" என்பார்கள் படப்பைத் தாய்மார்கள். தக்காளி மணமாக இருந்தால் கொஞ்சம் உப்பே போதும். ஆனால் கடைத் தக்காளியில் மணம் ஏது? லாரியில் நசுங்கக்கூடாது என்று காயாகவே பறிக்கிறார்கள். மிச்ச மணத்தையும் நம்ம வீட்டு ஃபிரிட்ஜ் கெடுத்துவிடுகிறது.

மாடியில் நாலு தொட்டி வையுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 ரகம் நல்லது. அடைமழை ஓய்ந்ததும், கார்த்திகைக் கடைசியில் விதையுங்கள். 25 நாள் நாற்றைத் தொட்டிக்கு ஒன்றாக நடுங்கள். பங்குனியில் பழம் கிடைக்கும். சித்திரைக்கு மேல் சூட்டில் பூ உதிரும்.

ருசிக்கு வழி இதோ:

* தினமும் 6 மணி நேரமாவது நேர் வெயில் படணும். பழத்தின் இனிப்பு, இலைகள் வெயிலில் சமைத்துத் தருவதுதான்.

* யூரியா அதிகமானால் இலைதான் செழிக்கும். மக்கிய எரு போடுங்கள்.

* தண்ணீரைச் சீராக ஊற்றுங்கள். காயவிட்டுத் திடீரென நிறைய ஊற்றினால் பழம் வெடிக்கும். நிறம் மாறியதும் கொஞ்சம் குறைத்தால் ருசி கூடும்.

* நன்றாகச் சிவந்ததும் பறித்து, வெளியிலேயே வையுங்கள்.

எண்ணெயில் வதக்கினால் தக்காளியின் சிவப்புச் சத்தான லைகோபீன் உடலில் நன்றாகச் சேரும். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் அளவோடு சாப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால், டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். ரசம் ருசித்தாலும் கொதிப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள்!