பத்தடி தள்ளி நின்றால் எவ்வளவு தெரியும்?

ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கப்போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "24-70 எஃப் 2.8 வாங்கலாமா, 24-105 எஃப் 4 போதுமா?" என்றுதான். கல்யாணப் படம் எடுப்பது என் தொழில் என்பதால் 2.8 என்று சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு: நீங்கள் படம் எடுக்கும் இடத்தில் எவ்வளவு தூரம் தள்ளி நிற்க முடியும்?

ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. பத்தடி தள்ளி நின்று 24 மி.மீ.யில் எடுத்தால் 15 அடி அகலம் படத்துக்குள் வரும். 28-ல் 13 அடிகூட முழுதாக வராது. நாலு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். வீட்டுக் கூடத்தில் நலங்கு வைக்கும்போது முதுகு சுவரில் ஒட்டியிருக்கும், அதற்கு மேல் பின்னால் போக வழி கிடையாது. குறைகிற அந்த இரண்டடியில்தான் ஒரு பக்கம் அத்தையும் மறுபக்கம் சித்தப்பாவும் நிற்கிறார்கள். டாம்ரான் 28-75 எஃப் 2.8 நல்ல லென்ஸ், இரண்டாவது தலைமுறை வெறும் 540 கிராம். திறந்த வெளியில் ஆள் படம் எடுப்பவருக்குத் தயங்காமல் சொல்வேன். வீட்டு விசேஷம் எடுப்பவருக்குச் சொல்ல மாட்டேன். கோவில் பிராகாரம், பழைய வீடுகள் என்று சுற்றுபவருக்கு சோனியின் 20-70 எஃப் 4 பொருத்தம். ஆனால் 20-ல் குரூப் போட்டோ எடுத்தால் ஓரத்தில் நிற்பவர் முகமும் தோளும் இழுபட்டுத் தெரியும்.

லென்ஸின் மறுமுனை எனக்கு இதைவிட முக்கியம். முகூர்த்த நேரத்தில் மேடையைச் சுற்றி உறவுக்காரர்கள் நெருக்கி நிற்பார்கள். எனக்குக் கிடைப்பது மேடைக்குக் கீழே பதினைந்தடி தள்ளி ஓர் இடம். அங்கிருந்து 70 மி.மீ.யில் எடுத்தால் ஏழரை அடிக்கு மேல் அகலம் விழும். வீடியோ எடுப்பவரின் முழங்கையும் அட்சதைத் தட்டும் சேர்ந்தே வரும். 105-ல் ஐந்தடிதான். இரண்டு முகங்கள், தாலிக்கயிறு, மூன்றாவது முடிச்சுப் போட நீளும் நாத்தனார் கை, அவ்வளவுதான் சட்டத்துக்குள். "70-ல் எடுத்துப் பிறகு கிராப் செய்துகொள்ளலாமே" என்பார்கள். செய்யலாம், ஆனால் 24 மெகாபிக்சல் படத்தில் 11-கூட மிஞ்சாது. ஆல்பத்தில் இரண்டு பக்கம் விரிக்க அது போதாது.

சரி, 2.8-ன் பலம்? எஃப் 4-ஐவிட இரண்டு மடங்கு வெளிச்சம். எஃப் 4-ல் ஐ.எஸ்.ஓ. 6400 வைக்க வேண்டிய இடத்தில் 3200 போதும். ரிசப்ஷனில் ஆடுபவர்களையும் ஓடும் குழந்தைகளையும் எடுக்க அந்த ஒரு ஸ்டாப் உண்மையிலேயே கைகொடுக்கும். ஸ்டெபிலைசேஷன் நம் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், எதிரில் ஆடுபவரின் அசைவை நிறுத்தாது. குத்துவிளக்கு, கோவில் சிற்பம் போல அசையாதவற்றுக்கு எஃப் 4-ம் ஸ்டெபிலைசேஷனும் தாராளம்.

பலர் 2.8-ஐத் தேடுவது வெளிச்சத்துக்காக அல்ல, பின்னணி மங்கலாக வர வேண்டும் என்பதற்காக. குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 70-ஐ 2.8-ஆல் வகுத்தால் 25. 105-ஐ 4-ஆல் வகுத்தால் 26-க்குச் சற்று மேல். முகத்தை ஒரே அளவில் வைத்து எடுத்தால் தூரத்துப் பின்னணியின் மங்கல் இந்த எண்ணைப் பொறுத்தது. அதாவது இரண்டு லென்ஸும் ஏறக்குறைய ஒன்றுதான். நிக்கான் 24-120 எஃப் 4-ல் அது 30, 2.8-ஐவிட ஒரு படி மேலே. அந்த லென்ஸின் எடை 630 கிராம், நிக்கானின் 24-70 எஃப் 2.8 எஸ் 805 கிராம். 120 முனையில் கிட்டத்தில் போய் எடுத்தால் ஒன்பது சென்டிமீட்டர் அகலமே சட்டம் முழுக்க நிறையும். திருமாங்கல்யம், மெட்டி, மருதாணி எல்லாவற்றுக்கும் தனி மேக்ரோ லென்ஸ் தேடாமல் வேலை முடிந்துவிடும்.

ஆகவே ஒரே ஒரு ஜூம் வாங்குபவருக்கு என் பதில் 24-105 அல்லது 24-120 எஃப் 4. மிச்சமாகும் பணத்தில் 35 அல்லது 50 எஃப் 1.8 ஒன்று வாங்கிப் பையில் போடுங்கள். அது எஃப் 4-ஐவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு வெளிச்சம் தரும், எந்த 2.8 ஜூமும் அதன் அருகில் வராது. 4-7.1 என்று மாறும் அபர்ச்சர் உள்ள ஜூம் லேசாக இருக்கும், பகல் பயணத்துக்குச் சரி. மண்டபத்துக்குள் வேண்டாம், மேனுவலில் வீடியோ எடுக்கையில் ஜூம் செய்தால் நடுவிலேயே காட்சி இருண்டுவிடும்.

முடிவெடுக்கும் முன் ஒரு வேலை பாக்கி. உங்கள் பழைய படங்களை லைட்ரூமில் குவியத் தூரப்படி பிரித்துப் பாருங்கள். கிட் லென்ஸின் கடைசி முனையிலேயே பாதிப் படங்கள் குவிந்திருந்தால் உங்களுக்கு நீளம் போதவில்லை, அகலம் அல்ல. பழைய கேமரா ஏபிஎஸ்-சி என்றால் அந்த எண்ணை 1.5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், கேனான் என்றால் 1.6. பிறகு வாங்க நினைக்கும் லென்ஸை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து முழு விசேஷத்துக்கும் கழுத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால் செல்போன் டார்ச்சைப் பின்பக்கக் கண்ணாடி வழியே அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளைவிட்டுத் தெரிந்தால் அது ஃபங்கஸ். நம் கடலோர ஈரத்தில் சாதாரணமாக வருவது. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். லென்ஸைத் தரையை நோக்கிப் பிடியுங்கள், ஜூம் தானாக நீண்டு இறங்கினால் பேரம் பேசலாம். 24-ல் அபர்ச்சரை முழுக்கத் திறந்து ஒரு செங்கல் சுவரை நேராக எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்குங்கள். நான்கும் சற்று மென்மையாக இருந்தால் பரவாயில்லை, எஃப் 8-ல் சரியாகும். ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.