தர்மமல்ல, கடன்



யுத்தத்தில் வீடிழந்தவனுக்கு சர்க்கார் நஷ்டஈடு கொடுத்தால் நியாயம் என்கிறோம். யுத்தத்தில் பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணுக்கு நஷ்டஈடு என்றாலோ, "இதையெல்லாம் வெளியே பேசலாமா?" என்று வாயடைத்துப் போகிறோம். இந்த மௌனம் சரிதானா? ஈராக் தேசத்தில் நடந்ததைக் கொண்டு ஆராய்வோம்.

2014 ஆகஸ்ட் 3-ந் தேதி, தன்னை 'இஸ்லாமிய அரசு' என்று அழைத்துக்கொண்ட ஆயுதப் படை, வட ஈராக்கின் சிஞ்சார் பிரதேசத்தில் புகுந்தது. அங்கு வாழ்ந்த யாசிதி மக்களில் ஆண்கள் பலரைக் கொன்றது. ஆயிரக்கணக்கான பெண்களையும் சிறுமிகளையும் சிறைபிடித்து அடிமைகளாக விற்றது. கிறிஸ்தவ, துருக்மேனிய, ஷபக் பெண்களும் இக்கொடுமைக்குத் தப்பவில்லை.

2021 மார்ச் 1-ந் தேதி ஈராக் பார்லிமெண்டு இவர்களுக்காக ஒரு சட்டம் நிறைவேற்றியது. மாதாந்தரப் பணம், மனை அல்லது வீடு, வைத்திய உதவி, வயது வரம்பின்றிப் படிப்பு, சர்க்கார் வேலைகளில் 100-க்கு 2 இடம் ஆகியவை அதில் உண்டு. நடந்தது இனப்படுகொலை என்றும் அச்சட்டம் ஒப்புக்கொள்கிறது.

"குற்றம் செய்தது அந்தப் படை, சர்க்கார் ஏன் கொடுக்கவேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். பிரஜைகளைக் காப்பது சர்க்காரின் கடமையன்றோ? காவல் தவறிய இடத்தில் கடன் நிற்கிறது. கடனைத் தீர்ப்பது தர்மம் ஆகாது.

இந்த வித்தியாசம் பாதிக்கப்பட்டவர்களுக்கு நன்றாகத் தெரியும். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானிய ராணுவத்தால் சீரழிக்கப்பட்ட பெண்களுக்காக 1995-ல் ஜப்பானில் ஒரு நிதி ஏற்பட்டது. அதன் பரிகாரப் பணம் பொதுஜன நன்கொடையாகத் திரட்டப்பட்டது. கொரிய மூதாட்டிகள் பலர் அதை வாங்க மறுத்தார்கள். அரசாங்கமே சட்டப்படி பொறுப்பேற்க வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை.

ஈராக்கின் சட்டத்திலும் குறையுண்டு. பலாத்காரத்தால் பிறந்த குழந்தைகளைப்பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. 2023-ல் பணம் கொடுக்கத் தொடங்கியபோது, முதலில் குற்றப் புகார் கொடுக்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள். பட்ட துன்பத்தை அந்நியர்முன் மறுபடியும் சொல்வது எளிதா?

"பணத்தால் போன மானம் திரும்புமா?" என்பர் இன்னும் சிலர். அவள் மானம் போகவேயில்லை. மானமிழந்தவன் கொடுமை செய்தவனே. சர்க்கார் கொடுக்கும் ஒவ்வொரு காசும் இதை ஊரறியச் சொல்லவேண்டும். நம் வீட்டுத் திண்ணையில் இத்தகைய பேச்சு எழும்போது, நாமும் இதையே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.