ஒரே கல்லுக்குள் கடிகாரமும் மருந்தும்

மணிக்கு 1 லிட்டர் வீதம் ஒரு குழாய் சொட்டுகிறது. காலியாக வைத்த வாளியில் இப்போது 6 லிட்டர் நீர் இருக்கிறது. எத்தனை மணி நேரமாகச் சொட்டுகிறது? 6 மணி நேரம் என்று உடனே சொல்வீர்கள். பாறையின் வயதையும் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். அந்தக் கதையின் தொடக்கத்தில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஒருவர் இருக்கிறார்.

அவர் ஆனந்த குமாரசுவாமி. நடராசர் சிலையின் தத்துவத்தை உலகுக்கு விளக்கிய கலை அறிஞராகத்தான் அவரைப் பலருக்கும் தெரியும். இளமையில் அவர் புவியியல் ஆய்வாளர். இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைமை தாங்கினார். 1904இல் அங்கே கிடைத்த கனமான கறுப்புக் கல்லை யுரேனியக் கனிமம் என்று அவர் விவரித்தார். இலண்டனில் டன்ஸ்டன் அதைப் பகுத்துப் பார்த்தபோது, பெரும்பகுதி தோரியம் என்று தெரிந்தது. ‘தோரியனைட்’ என்ற புதிய கனிமம் பிறந்தது. முதல் முடிவு திருத்தப்படுவது அறிவியலில் இயல்பு.

தோரியம் சிதையும்போது ஆல்ஃபா துகளை வெளியிடும். ஆல்ஃபா துகள் என்பது ஹீலியத்தின் அணுக்கரு. ஆகவே கல்லுக்குள் ஹீலியம் வாயு சேர்ந்துகொண்டே வரும். 1910இல் ஸ்ட்ரட் என்ற ஆங்கிலேய அறிஞர், தோரியனைட்டில் ஓராண்டில் எவ்வளவு ஹீலியம் உண்டாகிறது என்று அளந்தார். சேர்ந்திருந்த ஹீலியத்தை அந்த வீதத்தால் வகுத்தார். வயது குறைந்தது 25 கோடி ஆண்டுகள் என்று வந்தது! பூமியின் வயதே 2 முதல் 4 கோடி ஆண்டுகள்தான் என்று கெல்வின் பிரபு 1897இல் கூறியிருந்தார்.

‘குறைந்தது’ என்று ஏன் சொல்ல வேண்டும்? வாளியில் விரிசல் இருந்தால் கொஞ்சம் நீர் ஒழுகிவிடும் அல்லவா? கல்லிலிருந்தும் ஹீலியம் கசியும். அதனால் உண்மையான வயது கணக்கில் வருவதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

அதே இலங்கைக் கல்லை ஆராய்ந்து, 1905இல் ஒட்டோ ஹான் ‘ரேடியோதோரியம்’ என்ற பொருளைக் கண்டறிந்தார். தொடர்ந்து 1907இல், தோரியம் சிதைவதால் உண்டாகும் மீசோதோரியத்தையும் கண்டுபிடித்தார். அது ரேடியத்தைவிட விலை குறைவு. ஆகவே ரேடியத்திற்குப் பதிலாகப் புற்றுக்கட்டிகளுக்குச் சிகிச்சையளிக்க மருத்துவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். ஆனால், கட்டியை அழிக்கும் கதிர் நல்ல உடலையும் சுடும். 1901இல் சட்டைப் பையில் ரேடியம் வைத்திருந்த பெக்கெரலின் தோல் புண்ணானது. இன்று கதிரியக்கப் பிரிவில் பணிபுரிவோர் ஈயக் கவசத்திற்குப் பின்னால் நிற்பது, அன்றையவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடத்தால்தான்.

தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1400 கோடி ஆண்டுகள். மெதுவாகச் சிதைவதால் அது பாறைக்குக் கடிகாரம். மீசோதோரியத்தின் அரை ஆயுள் 5.75 ஆண்டுகள், வேகமாகச் சிதைவதால் சிறிதளவே போதும், அன்று அது மருந்தாக இருந்தது.

இப்போது உங்கள் முறை: 1 கிராம் மீசோதோரியம் 23 ஆண்டுகளுக்குப் பின் எவ்வளவு மிஞ்சும்? முதலில் எத்தனை அரை ஆயுள் கடந்தது என்று பாருங்கள். விடை 1/16 கிராம் என்று வந்தால், படிவம் 5 இயற்பியலின் ஒரு கேள்வி உங்கள் கைக்குள்!